ஆடியவர் நினைவும் அச்சில் வந்த சான்றும்

ஒரு வீடியோ கேமைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத உட்காருகிறவர்களில், அந்த கேமை ஆடித் தீர்த்தவருக்குத்தான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. எந்தச் சுவரை உடைத்தால் ரகசிய அறை திறக்கும், எந்த எதிரியை எந்த ஆயுதத்தால் சீக்கிரம் வீழ்த்தலாம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆசையாக எழுதிச் சேமிக்கிறார். மறுநாள் வந்து பார்த்தால் பாதியைக் காணோம். மீதிப் பாதியில் வரிக்கு வரி ‘சான்று தேவை’ என்று ஒட்டியிருக்கிறது. “நான் முழுசா ஆடியிருக்கேனுங்க, எனக்குத் தெரியாதுங்களா?” என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கவென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்கிறார். “உங்களுக்குத் தெரியுமுங்க. படிக்கிறவரு எப்படிச் சரிபார்ப்பாரு?” என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் சரியானது என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், இதே விதிதான் கொங்கு நாட்டில் வீடியோ கேம் ஆடி வளர்ந்த ஒரு தலைமுறையின் அனுபவத்தைக் கலைக்களஞ்சியத்துக்கு வெளியே நிறுத்தியும் வைத்திருக்கிறது. விதியைக் கைவிடாமல் இந்தக் குறையை எப்படித் தீர்ப்பது என்று பார்க்க, ஒரு கேமை எடுத்துக்கொண்டு அதன் கட்டுரை வளரும் வழியைப் பின்தொடர்ந்து போகலாம்.

‘ஷவல் நைட்’ அதற்குப் பொருத்தமானது. 2014 ஜூன் 26 அன்று வெளிவந்தது. செய்தது யாட் கிளப் கேம்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். வேஃபார்வர்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் தொடங்கியது. 2013 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 75,000 டாலர் கேட்டார்கள். ஒரு மாதத்தில் 3,11,502 டாலர் சேர்ந்துவிட்டது. கதை எளிமையானது. மண் அள்ளும் ஷவலையே ஆயுதமாக ஏந்திய கவச வீரன் ஒருவன், பிரிந்துபோன தோழியைத் தேடி, ஒரு மாயக்காரியின் கீழுள்ள எட்டு வீரர்களை ஒவ்வொருவராக எதிர்கொள்கிறான். 2014ஆம் ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த சுயாதீன கேம் என்ற விருது இதற்குக் கிடைத்தது.

திரையைப் பார்த்த மாத்திரத்தில், 1990களில் டிவியோடு ஒயரை இணைத்து, கேசட்டைச் சொருகி, ரிமோட்டைப் பிடித்து ஆடியவர்களுக்கு இது தெரிந்த முகமாக இருக்கும். கட்டம் கட்டமான உருவம், பளிச்சென்ற சில நிறங்கள், கீச்சென்ற இசை. அந்தக் காலத்து கேம்போல இன்று செய்யப்படும் இவற்றைத்தான் பழைய பாணி கேம்கள் என்கிறோம். 2008இல் வந்த ‘மெகா மேன் 9’, 2017இல் வந்த ‘சோனிக் மேனியா’ எல்லாம் இந்த வகைதான்.

எட்டு பிட்டா, எட்டு பிட் போலவா

இப்படிப்பட்ட கேமின் கட்டுரையில் முதல் சண்டை பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே வரும். ஒருவர் “இது ஒரு 8-பிட் கேம்” என்று எழுதுவார். ஒரு நேரத்தில் எட்டு பிட் தரவை மட்டுமே கையாளும் செயலி கொண்ட பழைய பெட்டிகளின் கேம்களைத்தான் அப்படிச் சொல்வது. இன்னொருவர் அதை அழிப்பார். முதலாமவர் திரும்பப் போடுவார். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் இப்படி மீட்டால் அவருடைய கணக்கு சிறிது காலத்துக்கு முடக்கப்படலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதியே இருக்கிறது. ஆகவே சண்டை பேச்சுப் பக்கத்துக்கு நகரும். நகர வேண்டும், கட்டுரை உருப்படியாக வளர்வது அங்கேதான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, பழைய கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளியிட்டு, 1985இல் அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் கொண்டுபோன அந்தப் பெட்டியின் திரை அகலம் 256 புள்ளி, உயரம் 240 புள்ளி. ஏறத்தாழ 54 நிறங்கள்தான் கைவசம். நகரும் உருவத் துண்டு ஒவ்வொன்றிலும் மூன்று நிறங்களே இருக்கலாம். மொத்தம் 64 துண்டுகள். அதிலும் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் மிஞ்சியவை காட்டப்படாது. திரையில் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுமினுத்து மறைந்து மறைந்து தெரிந்தது நினைவிருக்கலாம். பலர் டிவியில்தான் ஏதோ கோளாறு என்று தலையில் தட்டினார்கள். அந்த எட்டு என்ற வரம்புதான் காரணம்.

ஷவல் நைட்டில் அந்த மினுமினுப்பு கிடையாது. அதன் திரை அகலத்திரை. 400க்கு 240 என்ற கணக்கில் வரையப்பட்டது. பின்னணிக் காட்சிகள் பல அடுக்குகளாக வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. பழைய நிறத்தொகுதியில் இல்லாத சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இசையமைப்பாளர் ஜேக் காஃப்மேன், ஜப்பானில் கோனாமி நிறுவனம் சில கேசட்டுகளுக்குள் கூடுதலாக வைத்த வி.ஆர்.சி.6 என்ற ஒலிச் சில்லின் குரலை எடுத்துக்கொண்டார். முதல் ‘மெகா மேன்’ கேமுக்கு இசை தந்த மனாமி மட்சுமாயேவும் இரண்டு பாடல்கள் தந்திருக்கிறார். எங்கெல்லாம் பழைய வரம்பைப் பின்பற்றினோம், எங்கெல்லாம் மீறினோம், ஏன் மீறினோம் என்று அந்த நிறுவனத்தின் நிரலாளர் டேவிட் டி’ஏஞ்சலோ விரிவாகவே எழுதி வெளியிட்டிருக்கிறார்.

செய்தவரே எழுதிய அந்தக் கட்டுரை கைக்கு வந்ததும் சண்டை தீர்ந்துவிடுகிறது. “8-பிட் காலத்து கேம்களின் தோற்றத்தைப் பின்பற்றும்” என்று முதல் வாக்கியம் மாறுகிறது. எந்தெந்த இடத்தில் விலகுகிறது என்பது உருவாக்கம் பற்றிய பகுதியில் விரிகிறது. இரண்டு பேரில் ஒருவரும் தோற்கவில்லை. சண்டைக்கு முன்பு இருந்ததைவிடக் கட்டுரை நன்றாக ஆகிவிட்டது. கூட்டாக எழுதுவதில் எனக்கு மிகப் பிடித்த கணம் இதுதான்: இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து ஒரு மழுப்பலான வாக்கியத்துக்கு வருவதில்லை, வெளியே இருக்கும் ஒரு சான்று இருவரையும் இன்னும் துல்லியமான இடத்துக்கு இழுத்துப் போகிறது.

பழைய பாணி கேம்களில் அடுத்த சிக்கல், எது எதிலிருந்து வந்தது என்பது. ஷவலைக் கீழ்நோக்கிப் பிடித்து எதிரியின் தலைமேல் குதித்துக் குதித்துப் போவது ‘டக்டேல்ஸ்’ கேமைப் பார்த்துச் செய்தது என்று ஆடியவர் எவரும் சொல்வார். எட்டு வீரர்கள் என்ற அமைப்பு ‘மெகா மேன்’. ஊரைக் காட்டும் வரைபடம் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’. செத்தால் கையிலிருக்கும் பணத்தில் ஒரு பகுதி அந்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும், திரும்பப் போய் எடுக்கலாம் என்பது ‘டார்க் சோல்ஸ்’. கண்ணுக்குத் தெரிகிற ஒற்றுமைதானே, நேரே எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதக் கூடாது. ஒற்றுமையைக் கண்டது நாம். செய்தவர்களோ, நம்பகமான ஒரு விமர்சகரோ அதைச் சொல்லியிருந்தால் மட்டுமே கட்டுரைக்குள் வரலாம். சொந்த ஆய்வு கூடாது என்ற இந்த விதிதான் கேம் ரசிகர்களுக்கு மிகக் கசப்பானது. ஷவல் நைட்டுக்கு இவையெல்லாம் பேட்டிகளிலும் விமர்சனங்களிலும் பேசப்பட்டிருப்பதால் தப்பித்தது. பெயர் தெரியாத ஒரு சிறிய கேமுக்கு அந்த வாய்ப்பு இருக்காது.

கட்டுரையின் மற்ற பகுதிகளுக்கு ஏற்கனவே பழகிப்போன ஒரு வரிசை இருக்கிறது: முன்னுரை, ஆடும் முறை, கதை, உருவாக்கம், வரவேற்பு, பின்விளைவு. கதைச் சுருக்கத்துக்கு மட்டும் கேமையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அதற்கும் 700 சொல் அளவில் நிறுத்தச் சொல்லி வழிகாட்டுதல் உண்டு. ரகசிய அறைகளின் பட்டியல், ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டும் வழி, ஆயுதங்களின் விலை இவையெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்துக்கு உரியவை, கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. வரவேற்பு என்ற பகுதியில் பெயர்பெற்ற இதழ்களின் விமர்சனங்கள் வரும். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கியவர்கள் எழுதும் கருத்துகள் வராது, அவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும். எந்தத் தளத்தை நம்பலாம், எதை எச்சரிக்கையோடு எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று வீடியோ கேம் கட்டுரைகளைக் கூடிக் கவனிக்கும் பயனர் குழுவான வீடியோ கேம் விக்கித்திட்டத்தார் நீண்ட பட்டியல் ஒன்றைப் பேசிப் பேசி உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதில் வெளியே தெரியாத ஓர் உழைப்பும் இருக்கிறது. கேம் செய்தித் தளங்கள் அடிக்கடி மூடப்படுகின்றன. 1அப் 2013இல் போனது, ஜாய்ஸ்டிக் 2015இல் போனது, கேம்டிரெய்லர்ஸ் 2016இல் போனது. சான்றாகக் காட்டிய பக்கமே இல்லாமல் போனால், அதை நம்பி நின்ற வாக்கியமும் ஆட்டம் காணும். இணைய ஆவணக்காப்பகத்தில் சேமிக்கப்பட்ட படியைத் தேடி எடுத்துச் செத்த இணைப்புக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே ஒரு தானியங்கி ஓடுகிறது. அது தவறவிட்டதைக் கையால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்டுரையில் ஒரு வாக்கியம்கூட எழுதாமல் வருடக்கணக்காக இதையே செய்கிறவர்களை நான் மிக மதிக்கிறேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வேலைமுறையை விளக்குவது எளிது. ஒரு பனியன் உருவாக நிட்டிங் ஓர் இடம், டையிங் ஓர் இடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வேறு வேறு கைகள். விக்கிப்பீடியாவிலும் எழுதுகிறவர் ஒருவர், சான்று சேர்ப்பவர் ஒருவர், வார்ப்புரு என்ற ஆயத்தக் கட்டங்களைச் சரிசெய்பவர் ஒருவர், பொருள்வாரியாகப் பகுப்பில் போடுபவர் ஒருவர். ஆனால் இங்கே செக்கிங் எந்தக் கட்டத்திலும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரும், நேரமும் அப்படியே இருக்கும்.

தூரன் செய்த கலைக்களஞ்சியம்

கலைக்களஞ்சியம் என்ற முயற்சிக்கே கொங்கு நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகம் வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் ம. ப. பெரியசாமித் தூரன். மோடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்தவர். கோபியிலும் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியராக இருந்தவர். முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968இல். அதற்குப் பிறகு குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிகளையும் அவரே பார்த்துக்கொண்டார். இசைப்பாடல்களுக்காகத் தூரனைக் கொண்டாடுகிறவர்கள் இந்த உழைப்பைப் போதுமான அளவு பேசுவதில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

அதுவும் பலர் கூடிச் செய்த வேலைதான். துறை அறிஞர்களிடம் கேட்டு வாங்கி, மொழியைச் சீராக்கி, கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தி அச்சேற்றினார்கள். அங்கே ஒரு தகவலை நம்பலாம் என்பதற்கு உத்தரவாதம், எழுதியவரின் தகுதியும் பதிப்பாசிரியரின் கண்ணும். அணு பற்றி இயற்பியலாளர் எழுதினார், பயிர் பற்றி வேளாண் அறிஞர் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

இணையத்திலும் முதலில் அந்த வழியைத்தான் பின்பற்றிப் பார்த்தார்கள். 2000இல் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய நியூபீடியா, அறிஞர்கள் எழுதி ஏழு கட்ட ஆய்வைத் தாண்டி வெளியாகும் கலைக்களஞ்சியம். முதல் ஆண்டில் முடிந்த கட்டுரைகள் 20ஐச் சற்றே தாண்டின. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றது, அதுதான் நிலைத்தது. எழுதுகிறவர் யார் என்று தெரியாத இடத்தில் அவருடைய தகுதியை நம்ப முடியாது. ஆகவே நம்பிக்கை முழுவதும் சான்றின்மேல் போய் உட்கார்ந்தது. ‘சான்று தேவை’ என்ற இரண்டு சொற்களை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் புதியவர்களுக்கு இந்தப் பின்னணியைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். தூரன் இருந்த இடத்தில் இப்போது சான்று இருக்கிறது. பேராசிரியரோ, பிளஸ் டூ மாணவரோ, அதன்முன் ஒரே வரிசை.

தமிழ்ப் பக்கத்தின் பாடு

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசும் தமிழ் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். விக்கிப்பீடியா என்ற பெயரையே அந்தப் போட்டி வழியாகத்தான் முதலில் கேள்விப்பட்டவர்கள் உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. 2009 முதல் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றிவந்தது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, படிக்க முடியவில்லை. எதை மொழிபெயர்ப்பது என்பதும் தமிழ் வாசகரின் தேவையைப் பார்த்து முடிவாகவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எல்லா மொழிக்காரர்கள் முன்னிலையிலும் வைத்தார்கள். எண்ணிக்கை உயர்ந்தால் போதும் என்று இருந்திருக்கலாம். ஒரு சிறிய குழு அப்படி இருக்க மறுத்ததை நான் பெருமையாக நினைக்கிறேன்.

இன்றைக்குத் தமிழில் ஒரு பழைய பாணி கேமுக்குக் கட்டுரை தொடங்குகிறவர் கிட்டத்தட்ட எப்போதும் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார். இப்போது மொழிபெயர்ப்புக் கருவி விக்கிப்பீடியாவுக்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம் தந்ததைத் திருத்தாமல் அப்படியே வெளியிடப் பார்த்தால் எச்சரிக்கும். மொழிபெயர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஆங்கிலப் பக்கத்தின் சான்றுகள் எல்லாம் அமெரிக்க, பிரிட்டன், ஜப்பான் இதழ்கள். ‘வரவேற்பு’ என்றால் அந்த நாட்டு விமர்சகர்களின் வரவேற்பு. ‘பின்விளைவு’ என்றால் அந்த நாட்டில் நடந்தது. தமிழில் படிக்கிற ஒருவருக்கு, இந்த கேம் எதை நினைவூட்டுகிறதோ அந்தப் பழைய கேம்கள் நம் ஊருக்கு எப்படி வந்தன என்ற ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

டாங்க் கேமுக்குச் சான்று ஏது

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கதை பெரியது. தீபாவளி போனஸ் வந்ததும் பஞ்சாலை வேலைக்காரர் வீட்டிலும் பனியன் கம்பெனிக்காரர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த ‘டிவி கேம்’ பெரும்பாலும் நிண்டெண்டோ பெட்டி அல்ல. அதைப் பார்த்துச் செய்த நகல். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம்கள் இருப்பதாக மேலே அச்சிட்டிருக்கும், போட்டுப் பார்த்தால் பத்து இருபது கேம்களே திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, வாத்துச் சுடும் கேம், எல்லாவற்றுக்கும் மேலாக டாங்க் கேம். இருவர் சேர்ந்து செங்கல் சுவர்களுக்கு நடுவே நின்று தலைமையகத்தைக் காப்பாற்றும் அந்த டாங்க் கேமின் உண்மைப் பெயர் ‘பேட்டில் சிட்டி’. நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்காவில் அந்தக் கேசட்டு அதிகாரபூர்வமாக விற்பனைக்கே போகவில்லை. அமெரிக்கச் சிறுவர்களுக்குக் கடையில் கிடைக்காத ஒரு கேம், பொள்ளாச்சியிலும் பவானியிலும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருந்தது.

இதைத் தமிழ்க் கட்டுரையில் எழுத முடியுமா? இன்றைய நிலையில் முடியாது. எல்லோருக்கும் தெரியும், எங்கும் அச்சில் இல்லை.

ரஷ்யாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன விட்டுப்போனது என்று விளங்கும். அங்கேயும் வந்தது இதே நகல் பெட்டிதான். 1992இல் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் அதற்கு ‘டெண்டி’ என்று பெயர் வைத்து, யானைக் குட்டிச் சின்னம் போட்டு, விளம்பரம் செய்து விற்றது. 1994இல் அதற்கென்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே வந்தது. கேம் இதழ்களும் வந்தன. ஆகவே இன்று டெண்டி பற்றி விக்கிப்பீடியாவில் பல மொழிகளில் கட்டுரைகள் இருக்கின்றன, சான்றுகளோடு. ரஷ்யப் பிள்ளைகள் கொங்குப் பிள்ளைகளைவிட அதிகமாக ஆடியதால் வந்த வேறுபாடு அல்ல இது. ஆடிய காலத்திலேயே அங்கே யாரோ எழுதினார்கள், படம்பிடித்தார்கள். இங்கே பெட்டி பெயரில்லாமல் வந்தது, தேர்க்கடையிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் விற்றது, உடைந்தது, பழைய இரும்புக்கடைக்குப் போனது.

அப்படியானால் வாய்மொழியையே சான்றாக ஏற்றால் என்ன என்ற கேள்வி நியாயமானது. 2011இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு அதையும் முயன்று பார்த்தார்கள். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில், அச்சில் இல்லாத விஷயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். கேரளப் பிள்ளைகள் ஆடும் ‘டப்பா களி’ அதில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை விளையாட்டு, லட்சக்கணக்கானோர் ஆடியது, அச்சில் இல்லாததால் கலைக்களஞ்சியத்தில் இல்லை என்பது நம் டாங்க் கேமின் நிலையேதான். முயற்சி பரவலான கவனத்தைப் பெற்றது; விக்கிப்பீடியாவின் விதியை அது மாற்றவில்லை. மாறாததற்குக் காரணமும் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்தவரே கட்டுரையும் எழுதினால், இடையில் நின்று சரிபார்க்க மூன்றாவது ஆள் இல்லை. இன்று டாங்க் கேம் நினைவுக்குக் கதவைத் திறந்தால், நாளை சாதிப் பெருமைக்கும் ஊர்ப் பெருமைக்கும் அதே கதவு திறக்கும். கொங்கு ஊர்களைப் பற்றிய பக்கங்களில் சான்றில்லாத பெருமைப் பேச்சை அழித்து அழித்துக் களைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே விதியை வளைக்கக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. செய்ய வேண்டிய வேலை விக்கிப்பீடியாவுக்கு வெளியே இருக்கிறது. 1990களில் டிவி கேம் விற்ற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழுது பார்த்த ரேடியோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆடவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் ஒரு செய்திக்கட்டுரை வந்தால், அது சான்று. ஓர் இதழில் பதிப்பாசிரியர் பார்த்து வெளியிட்ட கட்டுரை வந்தால், அது சான்று. ஊடகவியலோ சமூகவியலோ படிக்கும் கோவை, சேலம் மாணவர் ஒருவர் இதை ஆய்வேடாக எடுத்து, ஆய்விதழில் வெளியிட்டால் இன்னும் வலுவான சான்று. சொந்த வலைப்பூவில் எழுதியது ஆகாது. நூலகங்களில் இருக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகளில் தீபாவளி, பொங்கல் காலத்து விளம்பரங்களைத் தேடிப் பார்க்கலாம். ஒரு விளம்பரம் கிடைத்தால், அந்தப் பொருள் அந்த ஆண்டில் அந்த ஊரில் அந்த விலைக்கு விற்கப்பட்டது என்ற அளவுக்கு அதை நம்பி எழுதலாம், அதற்கு மேல் ஊகிக்கக் கூடாது. எழுதியவரே தன் கட்டுரையைத் தானே கொண்டுவந்து மேற்கோளாகப் போடுவதும் சரியல்ல. பேச்சுப் பக்கத்தில் இணைப்பைக் கொடுத்து, வேறொருவர் படித்துப் பார்த்துச் சேர்க்கட்டும் என்று விடுவதுதான் முறை. தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கே கேட்டால் பார்த்துச் சொல்ல ஆட்கள் வருவார்கள்.

எழுத நேரமில்லாதவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது படம். விக்கிப்பீடியாவில் நாம் பார்க்கும் பழைய கேம் பெட்டிகளின் தெளிவான படங்களில் பெரும்பகுதி எவன் ஏமோஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவெளிக்குக் கொடுத்தவை. அப்படி நம் ஊர் நகல் பெட்டிகளையும் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பெட்டி, ரிமோட், துப்பாக்கி, அடாப்டர் இவற்றைப் படமெடுக்கத் தடையில்லை. கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படமும், அட்டைப்பெட்டியின் ஓவியமும், திரையில் ஓடும் கேமும் வேறொருவரின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. அவை படத்தில் பெரிதாகத் தெரியக் கூடாது, தெரிந்தால் நீக்கப்படும். கேசட்டைத் திருப்பி, ஸ்டிக்கர் இல்லாத பக்கத்தை எடுக்கலாம். திறந்து, உள்ளே இருக்கும் பச்சைப் பலகையையும் எடுக்கலாம். வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும் எடுத்தால் போதும். ஏற்றும்போது விவரப் பகுதியில் எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் வாங்கியது, பெட்டியின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைத் தமிழிலேயே எழுதிவிடலாம். அடியிலுள்ள அந்த எழுத்து சில வேளை நிறுவனத்தின் பெயரைக் காட்டும். பிறகு விளம்பரம் தேடுகிறவருக்கு அதுதான் பிடிமானம்.